பொதுவில் விட்ட பாகம்

போடிமெட்டு ஏறும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இருந்த ஏலக்காய் வியாபாரி, பக்கத்தில் உட்கார்ந்திருந்த, சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை பார்க்கும் தன் மைத்துனரிடம் கொதித்துக்கொண்டிருந்தார்.

“கடைக்கு நீ குடுத்த புரோகிராமு ஒன்னா இருந்தவரைக்கும் ஒழுங்கா ஓடுச்சு. எடைக்குத் தனி, பில்லுக்குத் தனின்னு எதுக்கு மாப்ளே பிரிச்சீங்க?”

“அததுக்குத் தனி ஆளு மாமா. எடையில திருத்தம்னா உடனே அனுப்பிரலாம், பில்லுக்காகக் காத்திருக்க வேணாம்.”

“அனுப்பிட்டீங்க. இப்பப் போட்ட எடை பில்லுல வரமாட்டேங்குது. போன் போட்டா எடை பாக்குறவரு பில்லு பாக்குறவரைக் கைகாட்டுறாரு, அவரு இவரைக் காட்டுறாரு.”

“ரெண்டையும் சேக்குற பாகம் ஒன்னு இருக்கு மாமா. அதை மட்டும் பொதுவுல விட்டுட்டோம்.”

“அதை யாரு பாக்குறது?”

“எல்லாரும்தான்.”

பஸ் ஒரு வளைவைச் சுற்ற, வியாபாரி கம்பியைப் பிடித்துக்கொண்டு மைத்துனர் பக்கம் திரும்பினார்.

“நாங்க அண்ணன் தம்பி தோட்டத்தைப் பிரிச்சப்பக் கெணத்தைப் பொதுவுலதான் விட்டோம். வந்து பாரு, உள்ள அரசமரம் மொளச்சு நிக்குது.”