புழு என்று தேடினால்

வாலாஜாபாத் பஸ்ஸில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள்.

"சமஸ்கிருதத்துல புழுன்னு போட்டுத் தேடினேன்க்கா, ராஜாங்க கல்வெட்டா வந்து கொட்டுது" என்றாள் இளையவள்.

நான் கையிலிருந்த பேப்பரை மடித்துவிட்டேன்.

"ராஜாவுக்கும் புழுவுக்கும் இன்னாடி சம்பந்தம்?"

"பழைய கல்வெட்டுங்கள ஒரு சிடியில போட்டு எங்க காலேஜுக்குக் குடுத்துக்கிறாங்க. கோயிலுக்குத் தானமாக் குடுத்த நிலத்த எவனாவது எடுத்துக்கினா, அறுபதாயிரம் வருசம் பீயில புழுவாக் கெடப்பான்னு கடைசியில சாபம் வுட்டுக்கிறாங்க. ஊருக்கு ஊர் அதே சாபந்தான்."

"அத்தினி ஊர்லயுமா?"

"அப்பவே எடுத்துக்கினுதான இருந்திருக்கானுங்க. இல்லாட்டி எதுக்கு எழுதப்போறாங்க?"

அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ஐயம்பேட்டை தாண்டியதும் இளையவள் பக்கம் திரும்பினாள்.

"எடுத்தவனுக்கு சரி. தெரியாம அவங்கிட்ட மனை வாங்கினவங்களுக்கு எதுனா எழுதிக்கிறாங்களா?"

"யாருக்கா வாங்கினது?"

"நீ மொதல்ல தேடிப் பார்த்துச் சொல்லு. அப்புறமா உங்க மாமாகிட்ட நான் பேசிக்கிறேன்."