கதவுக்குப் பின்னால் அம்பத்தெட்டு

— நெட்ல நாப்பதாயிரம்னு விலை போட்டிருக்கேன் அண்ணி, உங்க கல்யாண ரேடியோவுக்கு.

— அவ்வளவுதானா தம்பி?

— விலையே சொல்ல முடியாதுன்னு போடலாம்னுதான் பார்த்தேன். அந்தக் கட்டத்துல எண் மட்டும்தான் ஏறுது. வாங்குறவர் அஞ்சே நிமிஷத்துல சரின்னுட்டார். எனக்கு வயிறு எரியுது. அம்பது சொல்லியிருக்கலாம்.

— உங்க அண்ணன் மூணு மாசம் உக்காந்து சரி பண்ணினது. கல்யாணத்துக்கு முதல் நாள்தான் வாய் திறந்துச்சு.

— எனக்குத் தெரியாதா? அது கரகரன்னு கத்தின கத்துல நான் ஒரு பரீட்சையே தோத்தேன். சரி, பெட்டியை அளங்க. நாலு மணிக்கு பார்சல்காரர் வந்துடுவார்.

— நீளம் அம்பது, அகலம் நாப்பது, உயரம் நாப்பது.

— ஐயையோ. பெருக்கி அஞ்சாயிரத்தால வகுத்தா பதினாறு கிலோ.

— ரேடியோ அவ்வளவு கனம் இல்லையே.

— கனத்துக்கு இல்ல அண்ணி, அடைக்கிற இடத்துக்கு. எடை, இடம், ரெண்டுல எது அதிகமோ அதுக்குக் காசு. உள்ள இருக்குற காத்துக்கும் சேர்த்துக் கட்டணும். நானும் எத்தனையோ சரக்கு வித்திருக்கேன், காத்தை விக்க எனக்குத் தோணவே இல்ல பாருங்க.

— அப்ப அந்தச் சின்னப் பெட்டியில மாத்திடறேன். பஞ்சு ரெண்டு விரக்கடை இருந்தாப் போதும், கண்ணாடி உடையாது. இருங்க... ஆச்சு. இப்ப நாப்பத்தஞ்சு, முப்பத்தஞ்சு, முப்பது.

— ஒன்பதரைக்குக் கொஞ்சம் குறைவு. அப்படி வாங்க வழிக்கு. இனி எடை. அண்ணி, இந்தத் தடவை எடை பிசகவே கூடாது. பார்சல் கம்பெனி கடுதாசி பார்த்தீங்கல்ல?

— நீங்க எங்க காட்டினீங்க?

— காட்டினா சாப்பிட மாட்டீங்கன்னு மடிச்சு வச்சிருந்தேன். இன்னொரு பெட்டிக்கு எடை குறைச்சு எழுதினா நம்ம சரக்கைத் தொடவே மாட்டாங்களாம். அப்புறம் இந்த நாப்பதும் கிடையாது, அண்ணன் வர்றதுக்கு டிக்கெட்டும் கிடையாது.

— அப்படிச் சொல்லாதீங்க தம்பி. முதலாளி லீவு குடுத்ததே பெரிசு. இந்த மாசத்துக்குள்ள டிக்கெட் போடலேன்னா அதுவும் போச்சு. மூணு வருஷம் ஆச்சு.

— அதான் சொல்றேன். பெட்டியைத் தூக்கிக்கிட்டு எடை மிஷின்ல ஏறுங்க.

— பெட்டியை மட்டும் வச்சுப் பார்த்தா என்ன?

— மிஷின் காட்டுற எண்ணைப் பெட்டி மறைச்சுக்கும். தரையில படுத்துப் பார்த்தாலும் தெரியாது, நான் பார்த்துட்டேன். எனக்கு முதுகு சரியா இருந்தா நானே தூக்கிக்கிட்டு ஏறுவேன். டாக்டர் தண்ணிக்குடம்கூடத் தூக்காதேன்னுட்டார்.

— உங்க முதுகு வேலைன்னா மட்டும்தான் வலிக்கும். நகருங்க... ம். பாருங்க, எவ்வளவு?

— அறுபத்தி நாலு அறுநூறு. அதுல உங்க அம்பத்தெட்டு போக, ஆறு அறுநூறு. எழுதிடறேன்.

— எழுதுங்க. கை கடுக்குது, இறக்கி வைக்கிறேன்.

— இருங்க இருங்க. ஆறு அறுநூறா?

— என்ன?

— படம் எடுக்கறப்ப ரேடியோ பின்னாடி ஒரு தகடு பார்த்தேன். ஒன்பது கிலோ எண்ணூறுன்னு பொறிச்சிருக்கு. ரேடியோ ஒன்பதே முக்கால் கிலோ, அது பெட்டிக்குள்ள போனதும் ஆறரையா? உள்ள வச்சீங்களா, மறந்துட்டீங்களா?

— அட போங்க தம்பி! இப்பதானே உங்க கண்ணு முன்னாடி பஞ்சு சுத்தி வச்சேன்.

— அப்ப மிஷின் பொய் சொல்லுது.

— அதைப் பழி சொல்லாதீங்க. உங்க அண்ணன் பார்த்து வாங்கினது.

— அவர் வாங்கினதுன்னா பொய் சொல்லாதா? நேத்து எதிர் வீட்டுக்காரர் அரிசி மூட்டையோடயும் இல்லாமயும் ஏறிப் பார்த்தார். வித்தியாசம் இருபத்தஞ்சுக்கு இருபத்தஞ்சு காட்டுச்சு. மிஷின் சரிதான். இருங்க, கம்பெனி அனுப்பின பழைய சீட்டெல்லாம் எடுக்கறேன். முதல் பெட்டி, அவங்க எடையைவிட நாம எழுதினது குறைவு இருநூறு கிராம்.

— அதுக்குப் போய் அவங்களோட சண்டை போட்டீங்க.

— போடாம? ரெண்டாவது, எழுநூறு. அப்புறம் ஒண்ணு அறுநூறு. ரெண்டு தொள்ளாயிரம். மூணரை. போன மாசம் நாலு கிலோ நூறு. அண்ணி, கவனிச்சீங்களா? பெட்டி சின்னதோ பெரிசோ, குறைவு மட்டும் ஏறிக்கிட்டே போகுது. அவங்க திருடியிருந்தா ஒரு தடவை கூட, ஒரு தடவை குறையன்னு இருக்கும். இவ்வளவு ஒழுங்கா எவனும் திருட மாட்டான்.

— எனக்கு இந்தக் கணக்கெல்லாம் புரியாது. டீ போடட்டா?

— டீ இருக்கட்டும். பெட்டி இல்லாம ஒரு தடவை ஏறுங்க.

— எதுக்கு? கதவுக்குப் பின்னாடிதான் எழுதியிருக்கே.

— அது அண்ணன் கிளம்பின அன்னிக்கு எழுதினது.

— அவர் எழுதினா சரியாத்தான் இருக்கும்.

— அன்னிக்குச் சரி. பெயிண்டர் வந்தப்பகூட அந்தக் கதவைத் தொட விடலை நீங்க. வீடு முழுக்கப் பளபளன்னு இருக்கு, அது மட்டும் அழுக்கா நிக்குது. பென்சில்ல ஒரு அம்பத்தெட்டு. மூணு வருஷமா நானும் புத்தி இல்லாம அதையே கழிச்சுக்கிட்டிருக்கேன்.

— அவர் கிளம்பின காலையை மறக்க முடியுமா தம்பி? விமானத்துல பெட்டிக்கு முப்பது கிலோதான் அனுமதின்னு ஓடிப்போய் இந்த மிஷினை வாங்கிட்டு வந்தார். பெட்டியைத் தூக்கிக்கிட்டு ஏறினார், இறங்கினார், ஒரு சட்டையை எடுத்தார், மறுபடி ஏறினார். கடைசில என்னை ஏறச் சொன்னார். அம்பத்தெட்டு. இருபத்தெட்டு கிலோ அதிகமா இருக்கியே, இல்லேன்னா மடிச்சு உள்ள வச்சு எடுத்துட்டுப் போயிருப்பேன்னு சொல்லிட்டு, அந்தப் பென்சிலை எடுத்தார்.

— நானும் வாசல்ல நின்னுதான் கேட்டேன். நீங்க சிரிச்சீங்க.

— சிரிச்சேன். வண்டி வளைவு திரும்புற வரைக்கும் சிரிச்சேன்.

— அண்ணி, மணி மூணரை.

— ஏறணுமா?

— துணியெல்லாம் ரெண்டு தடவை பிடிச்சுத் தைச்சிட்டீங்க. வளையல் முழங்கை வரைக்கும் ஓடுது. நான் வியாபாரி, சரக்கைப் பார்த்தே எடை சொல்லுவேன்னு ஊரெல்லாம் பீத்திக்குவேன். வீட்டுக்குள்ள கண்ணு அவிஞ்சு போச்சு. ஏறுங்க.

— நான் நல்லாத்தான் சாப்பிடுறேன். ஒரு ஆள் குறைச்சுச் சமைச்சா அளவு தெரியமாட்டேங்குது, அவ்வளவுதான்.

— ஏறுங்க அண்ணி. தப்பா எழுதினா ரேடியோ போகாது. ரேடியோ போகலேன்னா அண்ணன் வரமாட்டார்.

— அந்த ரேடியோவைப் பார்த்தா பொறாமையா இருக்கு. விசா இல்லாம, பஞ்சு மெத்தையில படுத்துக்கிட்டே அவர் இருக்குற நாட்டுக்குப் போகுது... ஏறிட்டேன். நீங்களே பாருங்க. நான் பார்க்க மாட்டேன்.

— அம்பத்தி மூணு இருநூறு.

— இறங்கட்டா?

— அறுபத்தி நாலு அறுநூறுல அம்பத்தி மூணு இருநூறு போனா, பதினொண்ணு நானூறு. ரேடியோ ஒன்பது எண்ணூறு, பெட்டியும் பஞ்சும் எப்பவும் போல ஒண்ணு அறுநூறு. சேர்த்தா பதினொண்ணு நானூறு. கிராம் பிசகலை. பெட்டிக் கணக்கு நேராச்சு.

— அப்ப அனுப்பிடலாம்ல?

— அனுப்பலாம். அந்தக் கம்பெனிக்காரங்களை நான் எவ்வளவு பேசியிருக்கேன்! அவங்க தராசு சரி. நாலு கிலோ எண்ணூறு நம்ம வீட்டுலதான் காணாம போயிருக்கு. அண்ணி, ராத்திரி அண்ணன் போன் பண்ணினா சொல்லட்டா?

— சொல்லக்கூடாது. அப்புறம் அங்க அவர் சாப்பிட மாட்டார்.

— சரி, சொல்லலை. கதவுல இருக்குறதை மட்டுமாவது அழிச்சிடட்டுமா? மறுபடி நான் அதையே கழிச்சுத் தொலைச்சிடுவேன்.

— அழிக்காதீங்க. பென்சில் அந்த ஆணியில தொங்குது பாருங்க. கீழயே எழுதுங்க, இன்னிக்குத் தேதி போட்டு, அம்பத்தி மூணு இருநூறுன்னு.

— எழுதிட்டேன். பக்கத்துல என்னத்துக்குக் கோடு போடச் சொல்றீங்க?

— கழிக்கத்தான். அவர் பெட்டிக்கு முப்பதுதானே அனுமதி? இன்னும் இருபத்தி மூணு கிலோ இருநூறு பாக்கி, தம்பி.