கழிப்பறைப் பூட்டைக் கழற்ற வைத்த விலங்கியல் ஆசிரியை நிர்மலா அவர்களுக்கு நாங்கள் வாசித்தளிக்கும் மடல்

விலங்கியல் வித்தகியே! வெட்கத்தை வென்ற வீராங்கனையே! வெண்கலக் குரலால் வராந்தாவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கட்டி ஆண்ட அம்மையே! பிள்ளைகளுக்குப் பெற்றவளாகவும், பிழை செய்தோர்க்குப் பெரும் பீதியாகவும், பக்கத்து நாற்காலிக்காரர்களாகிய எங்களுக்குப் பாதி தோழியாகவும் மீதி போலீசாகவும் விளங்கிய பெருந்தகையே! முதுகலை ஆசிரியை திருமதி நிர்மலா அவர்களே! உங்களுக்கு எங்கள் பணிவான வணக்கம்.

பணி நிறைவு பெறுவோரைக் கதிரவன் என்றும் கலங்கரை விளக்கம் என்றும் பாடுவது நம் பள்ளி வழக்கம். மடல் எழுதும் பொறுப்பு இம்முறையும் தமிழாசிரியர் அறிவழகன் தலையில் விழுந்தபோது, தலைமையாசிரியர் மாதவராஜ் அவர்கள் அவரைத் தனியே அழைத்து, "டீச்சரோட சம்பந்தி வூட்டுக்காரங்க எல்லாம் வராங்க சார். அந்தச் சிறுநீர் சமாச்சாரம் மட்டும் வேணாங்க" என்று கேட்டுக்கொண்டார். நாங்களும் முயன்று பார்த்தோம் அம்மா. அதை எடுத்துவிட்டால், நீங்கள் ஏரியூரில் பிறந்த தேதியும் பணியில் சேர்ந்த தேதியும்தான் மிஞ்சுகின்றன. ஆகவே சபையோர் பொறுத்தருள்க.

அறிவுக் களஞ்சியமே! சிறுநீரகப் பாடத்தை நீங்கள் நடத்தும் நாளில், அடுத்த அறையில் வரலாறு படிக்கும் பிள்ளைகளும் விலங்கியல்தான் கற்றார்கள். கேழ்வரகு மாவு சலிக்கும் சல்லடையை வீட்டிலிருந்து கொண்டுவந்து மேசைமேல் வைப்பீர்கள். "இது மாதிரி வடிகட்டுதுன்னு புத்தகத்துல இருக்குது. ஆனா கிட்னி இதவிட கெட்டிக்காரி. மொதல்ல தண்ணி, உப்பு, சர்க்கரை எல்லாத்தையும் வெளிய எடுத்துப் போட்டுட்டு, ஒடம்புக்கு எது வேணும்னு பாத்துத் திரும்ப உள்ள எடுத்துக்கும். வேணாங்கறத மட்டுந்தான் வெளிய அனுப்பும்" என்பீர்கள். இடுப்புக்குமேல் முதுகுப்புறம் கை வைத்துக் காட்டி, மூடிய கை அளவே உள்ள அந்த இரண்டும் இரத்த அழுத்தத்தைக் காக்கின்றன, இரத்தம் ஊறவும் உதவுகின்றன என்று நீங்கள் சொன்னது, நம் பள்ளியில் படித்து இன்று உழவு செய்பவருக்கும் மறக்கவில்லை.

பிள்ளைகளோடு நிறுத்தியிருந்தால் நாங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்போம். ஆசிரியர் அறையில் கால அட்டவணைக்குப் பக்கத்திலேயே, வெளிர் மஞ்சள் தொடங்கித் தேயிலைச் சாயம்வரை சிறுநீரின் நிறங்களைத் தீட்டிய அட்டை ஒன்றை ஒட்டினீர்கள். தயிர்ச்சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து, "சார், இன்னிக்கு என்ன கலருங்க?" என்று கேட்டீர்கள். ஊறுகாயை உப்பென்று ஒதுக்கினீர்கள். மூட்டு வலிக்கும் தலைவலிக்கும் மருந்துக் கடையில் நாமாகவே மாத்திரை வாங்கி விழுங்கினால் அது சிறுநீரகத்துக்கு வைக்கும் உலை என்று எங்கள் கைப்பைகளைச் சோதனை போட்டீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறோம்: நீங்கள் ஓய்வு பெறுவதில் எங்களுக்கு ஒரு பங்கு வருத்தம்தான், மூன்று பங்கு விடுதலை!

ஆனால் அஞ்சாநெஞ்சமே! அந்த அதட்டலால்தான் நம்மில் ஒருவர் இன்று நம்மோடு இருக்கிறார்.

நம் பள்ளியில் ஆசிரியைகளுக்கென்று கழிப்பறை ஒன்று உண்டு. அதன் சாவி தலைமையாசிரியர் மேசைக்குப் பின்னால் ஆணியில் தொங்கும். குழாயை யாரோ திருடிவிட்டதால் வந்த ஏற்பாடு அது. தடையேதும் இல்லை, கேட்டால் கொடுப்பார். ஆனால் பெற்றோரும் அலுவலரும் அமர்ந்திருக்கும் அறைக்குள் நுழைந்து அந்தச் சாவியை எந்தப் பெண் கேட்பாள்? கேட்பதைவிடத் தண்ணீர் குடிக்காமல் இருப்பது எளிது என்று எங்கள் பெண்கள் கண்டுபிடித்தார்கள். காலையில் மொரப்பூரிலும் பொம்மிடியிலும் ரயிலை விட்டு இறங்கிப் பேருந்து பிடித்து வருகிறவர்கள், மாலை வீடு திரும்பும்வரை வாயை நனைப்பதோடு சரி. புதிதாகச் சேர்பவருக்கு மூத்தவர்கள் முதலில் சொல்லிக்கொடுத்ததே இந்தச் சூட்சுமம்தான். நீங்கள் மட்டும் அந்தச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே வராந்தாவில் நடந்தீர்கள். நாங்கள் தலையைக் குனிந்துகொண்டோம்.

கணக்கு ஆசிரியை மலர்விழி, திருமணமான மறு வருடம், அரையாண்டுத் தேர்வு நடந்த சமயத்தில் நோயில் விழுந்தார். நீர்க்கடுப்பு என்று தோழிகளிடம் மட்டும் சொன்னார். எல்லாரும் ஒரே வாயாக "சூடு" என்றோம். தொப்புளில் விளக்கெண்ணெய் வைக்கச் சொன்னவர் ஒருவர், வெந்தயம் ஊறவைத்துத் தந்தவர் ஒருவர். முதுகு வலித்தபோது பேருந்துக் குலுக்கல் என்று எண்ணி வலி மாத்திரையாக விழுங்கினார். ஒரு மதியம் விடைத்தாள் கட்டின்மேல் தலை வைத்து, போர்வைக்குள் இருப்பவர்போல் நடுங்கினார். அப்போதுதான் நீங்கள் உள்ளே வந்தீர்கள். அவர் விலாவுக்குப் பின்னால் கையால் லேசாகத் தட்டினீர்கள். அவர் அலறினார். ஆண்களும் பெண்களுமாக நாங்கள் அத்தனை பேர் சூழ்ந்து நிற்க, "மலரு, ஒண்ணுக்கு எப்பப் போன?" என்று கேட்டீர்கள்.

"வூட்டுக்குப் போயித்தான் டீச்சர் போவேன். தெனமும் அப்படித்தானுங்க."

"இது சூடு இல்லடி. கீழ இருக்கற கிருமி கிட்னிக்கு ஏறிடுச்சு. எந்திரி."

தலைமையாசிரியரின் காரிலேயே அவரைத் தருமபுரிக்குக் கொண்டு சென்றீர்கள். நீங்கள் சொன்னதுதான் அங்கும் சொன்னார்கள். கிருமி ஏறியது போதாதென்று, வறண்ட உடம்பில் விழுந்த வலி மாத்திரைகளும் சேர்ந்து இரண்டு சிறுநீரகங்களும் சோர்ந்திருந்தன. கிரியாட்டினின் என்னும் கழிவு இரத்தத்தில் ஏறியிருந்தது. ஊசி மருந்துக்கு அது இறங்குகிறதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும் என்றார் மருத்துவர். மலர்விழி தன் உயிரைப் பற்றிக் கேட்கவில்லை. "டீச்சர், இனிமே நான் கொழந்த பெத்துக்க முடியுமாங்க?" என்று உங்களைத்தான் கேட்டார். நீங்கள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, விடியும்வரை கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள்.

அந்த வாரம் எங்கள் பள்ளியில் யாரும் உரக்கச் சிரிக்கவில்லை. காய்ச்சல் விட்டது, கிரியாட்டினின் மெல்ல மெல்ல இறங்கியது, பழைய நிலைக்கே வந்துவிட்டது என்று நீங்கள் தொலைபேசியில் சொன்னபோது, உடற்கல்வி ஆசிரியர் ஆரோக்கியராஜ் பிரார்த்தனை நேரமும் அல்லாமல், விளையாட்டு நேரமும் அல்லாமல் விசிலை எடுத்து நீளமாக ஊதினார். அப்பாடா என்று நாங்கள் விட்ட மூச்சு அது!

மறுநாள் நீங்கள் நேரே தலைமையாசிரியர் அறைக்குப் போனீர்கள். "பத்திரமா இருக்கட்டும்னுதான் டீச்சர் பூட்டி வெச்சிருந்தேன்" என்றார் அவர், மெய்யாகவே கலங்கிப்போய். "கக்கூசு பத்திரமாத்தானுங்க இருக்குது சார். டீச்சருங்க கிட்னிதான் பத்திரமா இல்ல" என்றீர்கள். அவர் வாதாடவில்லை. திருப்புளி வாங்கிவரச் செய்து, தன் கையாலேயே கொண்டியோடு பூட்டைக் கழற்றி எறிந்தார். உள்ளே தாழ்ப்பாள் மட்டும் போதும் என்று ஆனது. அந்தப் பெருந்தன்மைக்கு அவருக்கும் இம்மடலில் ஒரு வணக்கம்.

அதன்பின் நீங்கள் சொன்னதை எல்லாம் கேட்டோம், முணுமுணுத்துக்கொண்டேனும்! தாகத்துக்குத் தண்ணீர் குடித்தோம், அடக்காமல் எழுந்து போனோம். அதிகம் குடித்தால் அதிக நன்மை என்று குடம் குடமாய்க் குடிக்கக் கிளம்பிய ஆரோக்கியராஜையும் அதட்டினீர்கள். கால் வீங்கியவர்களும் சிறுநீரகம் பழுதானவர்களும் மருத்துவர் சொன்ன அளவே குடிக்க வேண்டும் என்றீர்கள். வருடம் ஒருமுறை அனைவரையும் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீருக்கும் பரிசோதனை செய்ய அனுப்பினீர்கள். அலுவலக உதவியாளர் பெரியண்ணனுக்குச் சர்க்கரை இருப்பது அப்படித்தான் தெரிந்தது. நல்லவேளை, சிறுநீரகத்தைத் தொடும்முன் தெரிந்தது.

தாயினும் சாலப் பரிந்து எங்களை அதட்டிய தகைமையே! உங்கள் குரல் குன்றாதிருக்கட்டும், கால் தளராதிருக்கட்டும், கண் தெளிந்திருக்கட்டும்! பேரன் பேத்தியரை அதட்டிக்கொண்டு, அலுக்காத உடம்போடும் அடங்காத நாவோடும் பல்லாண்டு நீங்கள் வாழ்ந்திட நெஞ்சார வாழ்த்துகிறோம்.

மடல் இத்துடன் முடிந்திருக்க வேண்டும். நேற்று மாலை, இதைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இடும்முன், மலர்விழி வந்து ஒரு வரிக்கு இடம் கேட்டார். அவருக்கு இது நான்காம் மாதம். போன வாரப் பரிசோதனைவரை யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தார். அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறோம்:

"டீச்சர், ரெண்டு கிட்னியும் நல்லா வேலை செய்யுதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. இப்ப எனக்கும் எம் புள்ளைக்கும் சேத்துச் செய்யுதாம்."

நிம்மதியோடும் நன்றியோடும்,
உங்கள் ஆசிரியர்கள், அலுவலர்கள்