கழுவாத திராட்சை

திராட்சையைக் கழுவித்தான் சாப்பிட வேண்டும். இதைச் சொல்ல எனக்குப் படிப்பு தேவைப்படவில்லை, ஐயா. முப்பத்திரண்டு வருஷம் முதுகில் தெளிப்பான் மாட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக மருந்தடித்தவன் நான். எந்தப் பழத்தில் என்ன ஒட்டியிருக்கும் என்று என் மூக்குக்குத் தெரியும்.

என் மருமகள் கழுவ மாட்டாள். அவள் வாங்குவது ஒரே ஒரு கடையில்தான். அங்கே பிளாஸ்டிக் கிடையாது. துணிப்பையும் கண்ணாடி ஜாடியும் நாம்தான் கொண்டுபோக வேண்டும். சுவரில் விவசாயியின் சிரித்த படம் ஒன்று மாட்டியிருப்பார்கள். மருந்தே படாத பழத்துக்கு எதற்குத் தண்ணீரை வீணாக்குவது என்று, துணியால் ஒரு துடை துடைத்து வாயில் போட்டுக்கொள்வாள். வண்டியில் போனால் புகையாம். அதனால் சனிக்கிழமைதோறும் கடைக்கு என்னை நடக்கவிட்டாள். எனக்கு மூச்சு வாங்கினால் ஊர்க் காற்று கெடாது, பாருங்கள்.

சந்தையில் நான் ஆசையாக வாங்கிவந்த தக்காளியை என் கண்ணெதிரே உரக்குழியில் கொட்டினாள். அதைக்கூட விட்டுவிடலாம். ஒருநாள் அவளுடைய சிநேகிதிகள் வந்திருந்தபோது, பெரியவர் என்ன வேலை பார்த்தார் என்று ஒருத்தி கேட்டாள்.

"இவங்க மாதிரி ஆளுங்க அடிச்ச விஷத்தைத்தான் நாம சின்ன வயசுல தின்னோம்" என்றாள் மருமகள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "உங்களைச் சொல்லல மாமா, உங்க வேலையைத்தான் சொன்னேன்" என்றாள்.

அந்த வேலைக் காசில்தான் அவள் புருஷன் படித்தான்.

அடுத்த சனிக்கிழமை சந்தைக்குப் போனேன். தள்ளுவண்டித் திராட்சையை அவளுடைய துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன். துடைத்தாள், தின்றாள். மருந்தில்லாத பழத்தின் ருசியே தனி என்று எனக்கே பாடம் எடுத்தாள். மூன்று மாதம் இப்படி ஓடியது.

சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தேன். சொன்னால், கிழவன் ஏமாற்றிவிட்டான் என்று இன்னும் நாலு பேரிடம் சொல்லுவாள், அவ்வளவுதான். உடம்புக்கு ஏதாவது ஆனால்தானே புத்தி வரும். அவளோ கல்லுக்குண்டு மாதிரி இருந்தாள்.

தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. மருந்தடித்தால் பத்துப் பதினைந்து நாள் கழித்துத்தான் பறிப்போம். அதற்குள் வெயிலும் பனியும் வீரியத்தைக் குறைத்துவிடும். சந்தைப் பழம் அந்த நாளைத் தாண்டி வந்தது. அதனால்தான் அவளை ஒன்றும் செய்யவில்லை. பின்னறையில் என் பழைய மருந்துப் புட்டி ஒன்று இருந்தது. போன சனிக்கிழமை காலையில் அதை எடுத்தேன். தண்ணீர் கலக்கவில்லை. திராட்சையில் அடித்து, நிழலில் காயவைத்துத் துணிப்பையில் போட்டேன்.

"என்ன மாமா, ஒரு வாடை அடிக்குது?" என்றாள்.

"இயற்கை உரம்மா, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

தலையாட்டிக்கொண்டே துடைத்தாள்.

மகன் இல்லாத நாளாகப் பார்த்தா செய்தாய் என்று கேட்டீர்கள். அவனுக்குத் திராட்சை என்றால் உயிர், ஐயா. வீட்டில் இருந்தால் அவனும் தின்றிருப்பான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, என்ன சாப்பிட்டாள், மறைக்காமல் சொல்லுங்கள், அதற்குத் தகுந்த மாற்று மருந்து கொடுக்க வேண்டும் என்று கேட்டார். மருந்தே படாத பழம்தான் சாப்பிட்டாள் என்றேன். இரண்டாவது தடவை வந்து கேட்டார். அப்போதும் அதையேதான் சொன்னேன். அவள் வாய் ஓயாமல் சொல்லுகிற வார்த்தை அது. நானாக ஒன்றும் சேர்க்கவில்லை. சாயங்காலம் அவள் மூச்சு நின்றுவிட்டது.

அவளைக் கொல்ல வேண்டும் என்று எனக்கு எண்ணமே இல்லை. மருந்து பட்டதைக் கழுவ வேண்டும் என்று தெரியவைக்கத்தான் செய்தேன். நீங்கள் எழுதுவதில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஐயா. அந்தப் பையை அவளிடம் கொடுத்த கையோடு நேரே குழாயடிக்குப் போய், மூன்று தடவை சோப்புப் போட்டு என் கையைக் கழுவினேன்.