தாய்க்கும் மகளுக்கும் நடுவே ஒரு பேரரசி

மேடையிலிருக்கும் நாணயச் சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் டாக்டரின் துணைவியார் அவர்களே, டாக்டரிடம் ஒரு தடவையாவது வாயைத் திறந்து காட்டியிருக்கும் அவையோரே, வணக்கம்.

நான் கல்லூரியில் வரலாறு நடத்துகிறவள். புகழ்ந்து பேசிப் பழக்கமில்லை. இந்தச் சங்கத்தில் என் வேலையே நாணயங்களில் குறை கண்டுபிடிப்பதுதான். ஆகவே மறைந்த நம் பல் டாக்டர் அவர்களைப் பற்றி உறுதியாகத் தெரிந்ததை மட்டும் சொல்கிறேன்.

ரோமானிய நாணயம் சேர்ப்பவர்கள் பெரும்பாலும் பேரரசர்கள் பின்னால் போவார்கள். டாக்டர் பேரரசிகளைத் தேடினார். அவர்களுடைய மகள்களை, சகோதரிகளை, கைக்குழந்தைகளைத் தேடினார். ‘ராணி டாக்டர்’ என்று பட்டம் வைத்தோம். கோபித்துக்கொண்டாரா? அடுத்த கூட்டத்துக்கு நாணயங்களை அடுக்கிய மரத்தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, யாருக்கு யார் மாமியார், யார் நாத்தனார் என்று சொந்தக்காரர்களை அறிமுகப்படுத்துவதுபோல் சொன்னார். “இவங்களையெல்லாம் வரிசையா உக்கார வெச்சிட்டாரு. எங்க குடும்பப் போட்டோவுக்கு ஒரு ஆணி அடிக்கல” என்றார் துணைவியார்.

தட்டில் ஒவ்வொரு நாணயத்துக்கும் ஒரு பள்ளம். அதற்குள் வட்டமாக வெட்டிய சீட்டு. அதில் நாணயத்தின் விவரத்தைப் பென்சிலால்தான் எழுதுவார். ஏன் என்று கேட்டேன். “தப்புன்னு தெரிஞ்சா அழிக்கணும்ல, மேடம்.”

ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளி நாணயம் கொண்டுவந்தார். ஒரு பக்கம் பேரரசியின் முகம். மறுபக்கம் அவள் நிற்கிறாள். இரு கைகளிலும் குழந்தைகள், காலருகே இன்னும் இருவர். விளிம்பில் ஒரு கோடு கண்டேன். உருக்கி வார்த்த போலியில்தான் அப்படிக் கோடு விழும். எல்லோர் முன்னிலையிலும் போலி என்றேன். டாக்டர் மறுக்காமல் அதை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

தட்டில் அந்தப் பேரரசியின் தாய்க்கும் மகளுக்கும் நடுவிலிருந்த பள்ளம் அன்று முதல் காலி. வேறொன்று வாங்கி வைக்கலாமே என்றால், “அந்தம்மா வெளிய போயிருக்காங்க, வந்துருவாங்க” என்பார்.

சென்ற வாரம் துணைவியார் என்னை அழைத்து, போலிகள் போட்டுவைத்த டப்பாவைத் திறந்து காட்டினார். அந்த நாணயத்தின் அடியில் ஒரு சீட்டு: ‘விளிம்புக் கோடு என் கருவி போட்டது. அழுக்கெடுக்கப் போய்க் கீறிவிட்டேன். சொல்ல வெட்கமாக இருந்தது.’

பழைய நாணயத்தைச் சுரண்டாதீர்கள் என்று, புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் சொன்னவர் அவர்! இதைக் கூட்டத்தில் படிக்கலாமா என்று தயங்கினேன். “படிங்க. அவரால முடியல, நீங்களாவது சொல்லிடுங்க” என்றார் துணைவியார்.

அது அவர் தவறு. என் தவறு? அன்று நாணயத்தை நான் முழுச் சுற்று திருப்பிப் பார்க்கவில்லை. வார்ப்புக் கோடு விளிம்பு முழுக்க ஓடும். இது கால் பங்கிலேயே நின்றுவிடுகிறது. எடையும் சரி. வேறு இரண்டு வல்லுநர்களும் பார்த்துவிட்டார்கள். நாணயம் அசல். எல்லோர் முன்னிலையிலும் சொன்ன தவறை எல்லோர் முன்னிலையிலும்தானே திருத்த வேண்டும்? திருத்திவிட்டேன்.

தட்டைப் பிரிக்காமல் சங்கத்துக்குத் தருவதாகத் துணைவியார் சொல்லியிருக்கிறார். டாக்டர் பாதியில் விட்ட பட்டியலை நான் எழுதி முடிப்பேன், பென்சிலால்தான்.

தட்டு இதோ இந்த மேசையில் இருக்கிறது. போகும்போது பாருங்கள். அந்தம்மா வந்துவிட்டாள். அவளுக்கு அடியில் அதே சீட்டு. அவர் எழுத்துக்குக் கீழே, ‘முழுச் சுற்று திருப்பாமல் போலி என்றவள் நான்’ என்று எழுதியிருக்கிறேன். அந்த ஒரு வரியை மட்டும் பேனாவால் எழுதினேன்.