கதவின் முன்னால் இருந்த நாற்காலி

பெயர் எலியானா விதேலா. வயது 29. திருமணம் ஆகவில்லை. தொழில் பள்ளிப் பாடநூல்களுக்குப் பிழை திருத்துதல். வசிப்பது மெந்தோசா மாகாணம், கொதோய் க்ரூஸ். யாரும் அழைக்காமல் நானாகவே இந்த விசாரணை அலுவலகத்துக்கு வந்திருக்கிறேன். மார்ச் 11 அன்று துனுயானுக்கு அருகிலுள்ள ஒயின் ஆலை ஒன்றில் என் அக்காள் மகன் பெனிசியோ, வயது 8, மூச்சடைத்து விழுந்தது பற்றி அன்று மாலை நான் கையொப்பமிட்ட வாக்குமூலம் சரியானதல்ல. நிலவறைக் கதவைத் திறந்து போட்டிருந்ததாக அந்த ஆலையின் தொழிலாளி அதிலியோ மோயானோ மீது வழக்கு இருக்கிறது. அந்தக் கதவைத் திறந்தது அவர் அல்ல என்பதால் இதைச் சொல்கிறேன்.

அன்று காலை எட்டு மணிக்கு என் வீட்டிலிருந்து புறப்பட்டோம். வண்டியில் என் அக்காள் லூர்தெஸ், அவள் கணவர் ஃபெர்மின், பிள்ளைகள் பெனிசியோ, நான்கு வயது ஒலிவியா, நாய்கள் துக்கோ, மன்சா ஆகியோர் இருந்தனர். வண்டியை நான் ஓட்டினேன். நான் குடிப்பதில்லை. அவர்கள் ஆண்டுதோறும் கோர்தோபாவிலிருந்து திராட்சை அறுவடைக் காலத்தில் ஒயின் சுவைக்க வரும்போது நான்தான் ஓட்டுவது. "எலியானா இருக்கையில நமக்கென்ன கவலை" என்று அத்தான் ஒவ்வொரு ஆண்டும் சொல்வார்.

முதலில் போன ஆலையில் நாய்கள் வரலாம், பிள்ளைகள் வரக்கூடாது என்றார்கள். பிள்ளைகளோடு நான் வெளியே இருந்தேன். இரண்டாவது ஆலையில் பிள்ளைகள் வரலாம், நாய்கள் கூடாது என்றார்கள். அங்கே நாய்களோடு வெளியே இருந்தேன். அதன் பிறகு வழியில் ஒலிவியா இரண்டு முறை வாந்தி எடுத்தாள். இருக்கையை நான் துடைத்தேன். மூன்றாவது ஆலையை அடைந்தபோது மணி ஒன்றரை இருக்கும். அங்கே எல்லோரும் வரலாம் என்றார்கள்.

அதிலியோ மோயானோ எங்களைச் சுற்றிக் காட்டினார். முற்றத்தின் கோடியில் நிலவறைக்கு இறங்கும் மரக்கதவு சாத்தியிருந்தது. அதன் குறுக்கே வைக்கோல் பின்னிய பழைய நாற்காலி ஒன்று வைக்கப்பட்டிருந்தது. அவர் அங்கே நின்று, "இந்த நாற்காலி கதவுக்குக் குறுக்க இருக்கிற வரைக்கும் யாரும் கீழ எறங்கக் கூடாதுங்க. தொட்டியில திராட்ச புளிக்குது. அதுல வர்ற விஷக்காத்து கனமா தரையோட தங்கிடும், கண்ணுக்குத் தெரியாது. நாங்களே மெழுகுவத்திய எறக்கி, அணையுதான்னு பாத்துட்டுதான் போவோம்" என்றார். ஃபெர்மின் அத்தான், "எங்க நாய்ங்க வெளிய மரத்தடியில சுடுற கறிய விட்டுட்டு எங்கயும் போவாதுங்க, கவலப்படாதீங்க" என்றார். அக்காள் சிரித்தாள். அதிலியோ என் பக்கம் திரும்பி, "தங்கச்சி, உங்களுக்குப் புரிஞ்சுதா?" என்று கேட்டார். குடிக்காதவள் நான் ஒருத்திதான் என்பதைக் கவனித்திருப்பார் என்று நினைக்கிறேன். "புரிஞ்சுதுண்ணே" என்றேன். இதை முந்தைய வாக்குமூலத்தில் நான் சொல்லவில்லை.

அதன் பிறகு அக்காளும் அத்தானும் சுவைத்துப் பார்க்கும் அறைக்குள் போனார்கள். போகும்போது அக்காள், "ஒரு அரை மணி நேரம்தான்டி, பாத்துக்கோ" என்றாள். ஒலிவியா வண்டியில் கதவுகள் திறந்திருக்கத் தூங்கினாள். பெனிசியோ முற்றத்தில் நாய்களோடு விளையாடிக்கொண்டிருந்தான். ஆலைக்காரர்கள் முற்றத்துக்கு வெளியே மரத்தடியில் சாப்பிட உட்கார்ந்தார்கள். முற்றத்தில் நிழல் இருந்தது அந்தக் கதவின் ஓரத்தில் மட்டும்தான். உட்கார வேறு எதுவும் இல்லை. நான் அந்த நாற்காலியை எடுத்துச் சுவரோரம் போட்டு உட்கார்ந்தேன். நாய்கள் மூச்சிரைத்துக்கொண்டிருந்தன. கதவின் இடுக்கில் குளிர்ந்த காற்று வந்தது. தாழ்ப்பாளை நீக்கிக் கதவை இரண்டு கை அகலம் திறந்து வைத்தேன். அதிலியோ சொன்னது அப்போது நினைவிருந்ததா என்று அதிகாரி கேட்கிறார். நினைவிருந்தது. வாசலில்தானே இருக்கிறோம், இறங்கவில்லையே என்று நினைத்தேன்.

இந்த இடத்தில் அதிகாரி எழுதுவதை நிறுத்தி, நான் இனிச் சொல்வது எனக்கு எதிராகவே அமையலாம், வழக்கறிஞரை வைத்துக்கொள்ளலாம் என்று சொன்னார். தொடர்ந்து எழுதும்படி கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு பையிலிருந்து புத்தகத்தை எடுத்துப் படித்தேன். என்ன புத்தகம் என்பது வழக்குக்குத் தேவையா என்று கேட்டேன். தேவையில்லை என்றார். துக்கோ எப்போது படியிறங்கியது என்று நான் பார்க்கவில்லை. பெனிசியோ அதன் பின்னால் போனதைப் பார்த்தேன், பார்வையின் ஓரத்தில். நான் உட்கார்ந்திருந்த உயரத்தில் காற்றில் வித்தியாசம் எதுவும் இல்லை. கீழிருந்து பெனிசியோ, "சித்தி, துக்கோ படுத்துத் தூங்கிட்டான்" என்றான். நான் தலையை நிமிர்த்தாமல், "தூங்கட்டும், விடுடா" என்றேன். அதன் பிறகு அவன் பேசவில்லை. எவ்வளவு நேரம் கழிந்தது என்று நிமிடக் கணக்கில் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. ஒன்றரைப் பக்கம் படித்தேன்.

மன்சா படிகளின் உச்சியில் நின்று குரைத்தது. அது எதற்கும் குரைக்கும் நாய் என்பதால் "சும்மா இரு" என்று அதட்டினேன். அந்தச் சத்தத்துக்கு மரத்தடியிலிருந்து அதிலியோ ஓடி வந்தார். சுவரோரம் இருந்த நாற்காலியையும் என்னையும் பார்த்தார். மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இறங்கிப் பையனைத் தோளில் போட்டுக் கொண்டுவந்தார். பையனின் உதடு திராட்சைத் தோல் நிறத்தில் இருந்தது. அதிலியோ அவனைத் தரையில் கிடத்தி வாயில் ஊதினார். பையன் இருமிய பிறகு அவர் முழங்காலிட்டு வாந்தி எடுத்தார். அதற்குள் துக்கோ இறந்துவிட்டது. பெனிசியோ இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து நலமாக வீடு திரும்பினான்.

அறையிலிருந்து ஓடி வந்த ஃபெர்மின் அத்தான் கண்டது திறந்த கதவைத்தான். எச்சரிக்கை எதுவும் இல்லை, கதவு திறந்து கிடந்தது என்று அவர் காவலரிடம் சொன்னார். குடித்திருந்ததால் அதிலியோ சொன்னது அவர் மனதில் நிற்கவில்லை; பொய் சொல்வதாக அவர் நினைக்கவில்லை. நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் கையொப்பத்துக்குக் கீழே என் கையொப்பத்தைப் போட்டேன். அதிலியோ மோயானோ வேலையிலிருந்து நிறுத்தப்பட்டதை நேற்று முன்தினம் ஆலைக்குத் தொலைபேசியில் பேசியபோது அறிந்தேன்.

இதைச் சொல்லும்படி யாராவது தூண்டினார்களா என்று அதிகாரி கேட்கிறார். யாரும் தூண்டவில்லை. சொல்ல வேண்டாம் என்று ஒருவர் கேட்டுக்கொண்டார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்றேன். எழுதியாக வேண்டும் என்கிறார். என் அக்காள் லூர்தெஸ். நேற்று அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "புள்ள பொழச்சுட்டான். அதோட விடு. நீ போய்ச் சொன்னா, அப்புறம் உன்கிட்ட நான் எப்படிடி புள்ளைய விடுவேன்?" என்று கேட்டாள். என்னிடம் விட வேண்டாம் என்று சொன்னேன்.

எழுதப்பட்டதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நானும் ஒருமுறை படித்தேன். மாற்ற எதுவும் இல்லை. நான் சொன்னது முழுவதும் உண்மை. முந்தைய கையொப்பத்தைத் திரும்பப் பெற்று இதில் கையொப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) எலியானா விதேலா