ரஸ்டிக்கு நடந்த ஆபரேஷன்

— மாரு வீங்குச்சா? ஆண் நாய்க்கா? அளக்காதே மெர்வ், ரோட்டைப் பாத்து ஓட்டு. ஆட்டு மருந்து வாங்கிட்டுச் சீக்கிரம் திரும்பணும்.

— சத்தியமா டெஸ்! வண்டிக்குப் பின்னாடி உக்காந்திருக்கே நம்ம ரஸ்டி, போன குளிருக்கு அதுக்கு மடியே கட்டிருச்சு. கடுவன் நாயெல்லாம் டப்போ டவுன் வரைக்கும் வரிசையில நின்னுச்சு. மேயர் வீட்டு நாய் தொப்பி போட்டுக்கிட்டு வந்துச்சு.

— யோவ்!

— சரி, தொப்பி மட்டும் பொய்.

— போன குளிருக்கு நீ கெய்ன்ஸ்ல மீன் பிடிச்சிட்டு இருந்தே. உனக்கெப்படித் தெரியும்?

— எம் பொண்டாட்டி பெவ் போன்ல சொன்னா. கீழ ஒரு கொட்டையில கட்டியாம். பட்டாணி அளவுதான். அது கள்ளத்தனமா பொம்பளை ஹார்மோனை ஊத்திக்கிட்டே இருந்திருக்கு.

— வலிக்குமோ?

— கீழ வலியே இல்ல. மாருதான். சட்டை உரசினாலே உயிர் போகும்.

— நாய் எங்கடா சட்டை போட்டுது?

— பேச்சுக்குச் சொன்னேன்டா!

— கம்பளி வெட்டுற கொட்டகையில பசங்க என்னை 'டெஸ் அக்கா'ங்கிறானுங்க. பீர் கொழுப்புன்னு நானும் சிரிச்சு வெச்சேன்.

— உன் கதையை யாரு கேட்டா? நான் நாயைப் பத்திப் பேசுறேன்.

— சரி, அப்புறம் நாய்க்கு?

— டாக்டர் அந்த ஒண்ணை எடுத்துட்டார். ஆளு ஜம்முனு எந்திரிச்சாச்சு.

— மிச்சம் ஒண்ணை வெச்சுக்கிட்டு... குடும்பம் நடக்குமா?

— கட்டி இருந்தப்போதான் அந்த நெனப்பே செத்துக் கிடந்துச்சு. இப்போ கேக்காதே! பெவ் கன்னமெல்லாம் செவந்து போச்சு.

— நாய்க்கு உன் பொண்டாட்டி ஏன்டா செவக்கணும்?

— பக்கத்துல இருந்து பாத்தவ அவதானே!

— மெர்வ்... எனக்கும் கீழ ஒரு பக்கம் கல்லு மாதிரி இருக்குடா. எம் பொண்டாட்டி நோரீன்கிட்டகூடச் சொல்லல. எங்கப்பன் ஆஸ்பத்திரிக்குள்ள நடந்து போனவர், நடந்து வெளிய வரல. அதான் பயம்.

— ரஸ்டி வந்துச்சே!

— சரி, திருப்பு வண்டியை. போய்க் காட்டிடலாம்.

— எப்பவோ திருப்பியாச்சு. இதுதான் ஆஸ்பத்திரி வாசல், இறங்கு.

— பொறு பொறு. அங்க பாரு, ரஸ்டி குதிச்சு இறங்கி டயர்ல காலைத் தூக்குது. ரெண்டும் அப்படியே தொங்குதேடா!

— தொங்கும்.

— அப்போ ஆபரேஷன் யாருக்கு?

— கெய்ன்ஸ் போனேன் போனேன்னு சொன்னேனே டெஸ், ஒரு மீனையாவது கண்ணுல காட்டினேனா?